மாடல் ரயில்வேக்குத் தண்டவாளமும் பாயின்டும் தேர்ந்தெடுப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

மாடல் ரயில்வே தொடங்குகிறவர்களில் பலர் முதலில் என்ஜினை வாங்குகிறார்கள். அப்புறம் அதோடு வந்த வட்டத் தண்டவாளத்தைத் துண்டு துண்டாக நீட்டிக்கொண்டே போகிறார்கள். கொஞ்ச நாள் நன்றாகத்தான் ஓடும். பிறகு தொல்லை ஆரம்பிக்கும். நீளமான பெட்டி, பாதை இரண்டாகப் பிரியும் இடமான பாயின்டில் தடம் புரளும், பக்கத்துப் பக்கத்துப் பாதையில் வரும் ரயில்கள் வளைவில் உரசும், சின்ன என்ஜின் பாயின்டின் நடுவில் போய் நின்றுவிடும். மூன்றுமே பாயின்டை யோசிக்காமல் தண்டவாளத்தை வாங்கியதால் வருபவை.

அதனால் நான் சொல்லும் வரிசை தலைகீழானது. முதலில் பாயின்டைத் தேர்ந்தெடுங்கள். எந்தப் பாயின்ட் என்பது முடிவானால் வளைவின் ஆரம், இணைப் பாதைகளுக்கு இடையே விடவேண்டிய தூரம், வயரிங், செலவு எல்லாம் ஏறக்குறைய தானாகவே முடிவாகிவிடும். கடையில் வாங்கும் அட்டைப்பெட்டியின் மேல் டர்ன்அவுட், சுவிட்ச், பாயின்ட் என்று எது அச்சிட்டிருந்தாலும் பொருள் ஒன்றுதான். நம் ரயில்வே ஊழியர்கள் சொல்வதுபோல் பாயின்ட் என்றே எழுதுகிறேன்.

கணக்குகள் கைக்கு அகப்பட ஒரு உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம்: எச்ஓ அளவு, 8-க்கு 4 அடி பிளைவுட் ஒரு ஷீட், அதன் மேல் ஓட வேண்டியது இந்திய ரயில்வேயின் பயணிகள் பெட்டிகள்.

படி 1: ஓடப்போகும் மிக நீளமான பெட்டியை அளந்துகொள்ளுங்கள்

எச்ஓ என்பது 1:87. தண்டவாளங்களுக்கு இடையே 16.5 மி.மீ. உலகில் பல நாடுகளில் இருக்கும் 1435 மி.மீ. பாதையைச் சுருக்கினால் வரும் அளவு அது. நம் பிராட்கேஜ் 1676 மி.மீ.; அதை 87-ஆல் வகுத்தால் 19.3 மி.மீ. வர வேண்டும். ஆனால் கடையில் கிடைக்கும் எச்ஓ தண்டவாளம் 16.5 மி.மீ. என்பதால் இந்திய மாடல்களும் அதன் மேலேயே ஓடுகின்றன. முன்னால் நின்று பார்த்தால் பெட்டி கொஞ்சம் அகலமாகவும் பாதை கொஞ்சம் ஒடுக்கமாகவும் தெரியும். அதை ஏற்றுக்கொண்டு மேலே போகலாம். நீலகிரி மலை ரயிலைச் செய்ய ஆசைப்படுகிறவர்களுக்கு மீட்டர்கேஜுக்கென்றே 12 மி.மீ. தண்டவாளம் எச்ஓஎம் என்ற பெயரில் தனியாக இருக்கிறது. 1000-ஐ 87-ஆல் வகுத்தால் 11.5 வரும், பிராட்கேஜைவிட இது உண்மைக்கு எவ்வளவோ நெருக்கம்.

இப்போது நீளம். ஐசிஎஃப் என்ற பழைய வகைப் பெட்டி 21.3 மீட்டர், எச்ஓ-வில் 245 மி.மீ. எல்எச்பி என்ற புதிய வகைப் பெட்டி 23.5 மீட்டர், எச்ஓ-வில் 270 மி.மீ. வட அமெரிக்க மாடலர்களிடையே ஒரு கணக்கு புழங்குகிறது, நம்பிப் பயன்படுத்தலாம். வளைவின் ஆரம் பெட்டி நீளத்தைப்போல் 2 மடங்கு இருந்தால் பெட்டி எப்படியோ திரும்பிவிடும், ஆனால் தடம் புரள வாய்ப்பு அதிகம். 2.5 மடங்கு இருந்தால் பெரும்பாலும் ஒழுங்காக ஓடும். 3 மடங்கு இருந்தால் எல்லாப் பெட்டியையும் நம்பி ஓட்டலாம்.

எல்எச்பிக்கு இது முறையே 540, 675, 810 மி.மீ. நம் பிளைவுட்டின் அகலம் 1220 மி.மீ. இரண்டு பக்கமும் 60 மி.மீ. ஓரம் விட்டால் கிடைக்கும் அதிகபட்ச ஆரம் 550. அதாவது எல்எச்பி ரேக் (பெட்டித் தொடர்) இந்தப் பலகையில் சுற்றும், ஆனால் தாராளமாகச் சுற்றாது. ஐசிஎஃப் பெட்டிக்கு 2.2 மடங்கு வருகிறது, கொஞ்சம் தேவலை. சரக்கு வண்டிகளுக்கும் டீசல் என்ஜினுக்கும் கவலையே இல்லை. நீளமான ராஜதானி ரேக்தான் ஆசை என்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, பலகையை விட்டுவிட்டுச் சுவரை ஒட்டி அலமாரிபோல் நீளமாகக் கட்டுவது. இன்னொன்று, 1:160 அளவான என்-னுக்கு மாறுவது. அங்கே எல்எச்பி பெட்டி 147 மி.மீ.தான், இதே 550 ஆரம் 3.7 மடங்காகிவிடும்.

படி 2: பாயின்டின் வடிவக் கணக்கு

இந்த ஒரு படிக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் செலவழித்தாலும் தகும்.

பாயின்டில் பார்க்க வேண்டியவை மூன்று: பிரியும் கோணம், பிரியும் வளைவின் ஆரம், மொத்த நீளம். அமெரிக்க முறையில் கோணத்தை எண்ணால் சொல்வார்கள். 6-ஆம் எண் பாயின்ட் என்றால் 6 செ.மீ. முன்னேறும்போது 1 செ.மீ. விலகும், கோணம் 9.5 டிகிரி. 4-ஆம் எண் என்றால் 14 டிகிரிக்குக் கொஞ்சம் மேல். 8-ஆம் எண் 7 டிகிரி. எண் கூடக் கூடப் பாயின்ட் நீளும், வண்டி மென்மையாகப் போகும். நம் ரயில்வேயும் இதே வழியில்தான் 1-க்கு 8.5, 1-க்கு 12 என்று சொல்கிறது. பயணிகள் ரயில் போகும் பாதையில் வழக்கமாக இருக்கும் 1-க்கு 12 பாயின்டின் ஆரம் 441 மீட்டர். எச்ஓ-வுக்குச் சுருக்கினாலும் 5 மீட்டருக்கு மேல் வரும்! ஆகவே எந்த மாடல் பாயின்டும் உண்மையைச் சுருக்கியதுதான். எவ்வளவு சுருக்கினால் நம் வண்டி தாங்கும் என்பதே கேள்வி.

இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் பீர் என்ற கடலோர ஊரில் இருக்கும் பீக்கோ நிறுவனம் வேறு வழியில் போகிறது. அதன் ஸ்ட்ரீம்லைன் வரிசையில் சின்னது, நடுத்தரம், பெரியது மூன்றுக்கும் கோணம் ஒன்றே: 12 டிகிரி. மாறுவது ஆரமும் நீளமும்தான். சின்னது 610 மி.மீ. ஆரம், 185 மி.மீ. நீளம். நடுத்தரம் 914 ஆரம், 219 நீளம். பெரியது 1524 ஆரம், 258 நீளம். கோணம் ஒன்றாக இருப்பதால் ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் பெரியது என்று கலந்தாலும் இணைப் பாதைகள் சரியான தூரத்தில் வந்து உட்காரும். இடநெருக்கடி உள்ளவர்களுக்கு இது பெரிய வசதி. இதற்கு மாறாக, ஆரம்பநிலை செட்களில் வரும் பீக்கோ செட்ட்ராக், ஹார்ன்பி பாயின்டுகளின் ஆரம் 438 மி.மீ., கோணம் 22.5 டிகிரி. 168 மி.மீ. நீளம்தான் என்பதால் இடம் மிச்சமாகும். ஆனால் 245 மி.மீ. பெட்டியை அதில் பக்கவாட்டில் திருப்புவது வதைதான்.

என் தீர்ப்பு: பயணிகள் பெட்டி போகும் இடங்களில் எல்லாம் பீக்கோ நடுத்தரம் அல்லது 6-ஆம் எண். சரக்கு யார்டில் சின்னது. 438 ஆரம் கொண்ட பாயின்டை இரண்டு அச்சு வண்டிகளும், வண்டிகளை இடம் மாற்றும் குட்டி என்ஜினான ஷன்டரும் போகும் தொழிற்சாலை சைடிங்கோடு (பக்கப் பாதை) நிறுத்திவிடுங்கள்.

அடுத்து இணைப் பாதைகளின் நடுக்கோட்டுத் தூரம். இதைக் கவனிக்காமல் விடுகிறவர்கள் அதிகம். ஸ்ட்ரீம்லைன் பாயின்ட் இரண்டை எதிரெதிராக வைத்து ஒரு பாதையில் இருந்து மறு பாதைக்குக் குறுக்கே இணைத்தால் நடுக்கோடுகளின் தூரம் சுமார் 51 மி.மீ. வரும். செட்ட்ராக்கில் 67 மி.மீ., காட்டோ யூனிட்ராக் எச்ஓ-வில் 60 மி.மீ., மார்க்லின் சி-டிராக்கில் 77.5 மி.மீ. நேர் பாதையில் 51 அழகாக, உண்மைபோல் இருக்கும். வளைவில் என்ன ஆகும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

வளைவில் பெட்டியின் நடுப்பகுதி உள்பக்கம் தள்ளும், முனைகள் வெளிப்பக்கம் தள்ளும். உள் பாதையின் பெட்டி முனையும் வெளிப் பாதையின் பெட்டி நடுவும் ஒன்றை ஒன்று நெருங்கும் தூரம், தோராயமாகப் பெட்டி நீளத்தின் வர்க்கத்தை ஆரத்தின் 8 மடங்கால் வகுத்தால் வருவது. எல்எச்பிக்கு 270 பெருக்கல் 270, வகுத்தல் 8 பெருக்கல் 550: கிட்டத்தட்ட 16.5 மி.மீ. பெட்டியின் அகலம் 3240 மி.மீ., எச்ஓ-வில் 37 மி.மீ. கூட்டினால் 53.5. இருப்பதோ 51. இரண்டு ரயிலும் வளைவில் கட்டாயம் இடிக்கும். காட்டோவின் 60-ல் 6 மி.மீ. மிஞ்சும், செட்ட்ராக்கின் 67-ல் 13 மி.மீ. மிஞ்சும். ஸ்ட்ரீம்லைனில் கட்டுகிறவர்கள் நேர் பாதையில் 51 வைத்துக்கொண்டு, வளைவு தொடங்கும் முன்பே கொஞ்சம் கொஞ்சமாக 62 வரை விரித்துவிட வேண்டும். 900 மி.மீ.க்கு மேல் ஆரம் இருந்தால் 51-லேயே மயிரிழையில் தப்பிக்கலாம்.

இன்னொரு கணக்கும் பாக்கி இருக்கிறது: ஸ்டேஷனில் வண்டி ஒதுங்கி நிற்கும் லூப் லைன். 2440 மி.மீ. நீளப் பலகையில் இரண்டு பக்கமும் 550 ஆர வளைவும் 60 மி.மீ. ஓரமும் போனால் மிஞ்சும் நேர் பாதை 1220 மி.மீ. மட்டுமே. அதில் இரண்டு நடுத்தரப் பாயின்டுகள் 438 மி.மீ. தின்றுவிடும். மிச்சம் 780. பாயின்டைத் தாண்டிய உடனே வண்டியை நிறுத்த முடியாது, பக்கத்துப் பாதையில் வருவது உரசாத தூரம் வரை உள்ளே தள்ளித்தான் நிறுத்த வேண்டும். ஆக ஒரு டபிள்யூஏபி-7 என்ஜினும் இரண்டு ஐசிஎஃப் பெட்டியும் நின்றாலே இறுக்கம். நாலு பெட்டி நிற்கும் ஸ்டேஷன் வேண்டுமென்றால் லூப்பை வளைவுக்குள்ளேயே தொடங்க வேண்டும், அதற்கு வளைவுப் பாயின்ட் வேண்டும். செட்ட்ராக்கில் இறுக்கமான வளைவுப் பாயின்ட் உண்டு. ஸ்ட்ரீம்லைனின் வளைவுப் பாயின்டில் உள் ஆரம் 762, வெளி ஆரம் 1524. இந்தப் பலகையில் அது அடங்காது. தண்டவாளம் ஒரு துண்டுகூட வாங்கும் முன்பே இது தெரிந்துவிட வேண்டும்.

எதிரெதிர்த் திசையில் இரண்டு வளைவு அடுத்தடுத்து வரும் எஸ் வளைவையும் இந்த இடத்திலேயே தேடிப் பாருங்கள். வலப்பக்கம் திரும்பிய பெட்டி நிமிர்வதற்குள் இடப்பக்கம் இழுக்கப்பட்டால் பெட்டிகளை இணைக்கும் கப்ளர் பெட்டியைப் பிடித்துத் தள்ளிவிடும். நடுவில் ஒரு பெட்டி நீளத்துக்காவது நேர் துண்டு இருக்கட்டும்.

படி 3: ஃப்ராக்

இரண்டு பாதைகளின் உள் தண்டவாளங்கள் வெட்டிக்கொள்ளும் முனைதான் ஃப்ராக். அது ஒரு நேரம் ஒரு துருவமாகவும் மறு நேரம் மறு துருவமாகவும் இருக்க வேண்டியிருப்பதால் மின்சாரச் சிக்கல் முழுவதும் அங்கே குடியிருக்கிறது.

முனையைப் பிளாஸ்டிக்கில் செய்துவிட்டால் சிக்கல் தீர்ந்தது; பீக்கோ இதை இன்சுல்ஃப்ராக் என்கிறது. தனியாக வயரிங் எதுவும் வேண்டாம். ஆனால் அந்தச் சில மில்லிமீட்டரில் மின்சாரம் இல்லை. எல்லாச் சக்கரத்திலும் மின்சாரம் எடுக்கும் ஆறு அச்சு என்ஜின் அதைக் கண்டுகொள்ளாது. நாலு சக்கர ஷன்டர் மெதுவாகப் போகும்போது அங்கேயே செத்துவிடும். டிசிசி என்ற டிஜிட்டல் கட்டுப்பாட்டு முறையில் ஓட்டுகிறவர்களுக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. பிளாஸ்டிக் முனைக்கு அடுத்து இரண்டு தண்டவாளங்களும் மிக நெருக்கமாக ஓடும் இடத்தில் அகலமான சக்கரம் இரண்டையும் தொட்டு ஷார்ட் ஆக்கலாம். அங்கே நிறமில்லாத நகப்பூச்சை மெல்லியதாகத் தடவினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

முனை முழுவதும் உலோகமாக இருப்பது எலக்ட்ரோஃப்ராக். ஓட்டம் பட்டுப்போல் இருக்கும். இதற்கு இரண்டு விதிகளை மறக்கக் கூடாது. மின்சாரத்தை எப்போதும், பாதையை மாற்ற நகரும் கூர்முனைத் தண்டவாளமான பிளேடு இருக்கும் பக்கத்தில் இருந்து கொடுங்கள். ஃப்ராக்குக்கு அப்பால் போகும் இரண்டு உள் தண்டவாளங்களிலும் பிளாஸ்டிக் ஜாயினர் (மின்சாரம் கடத்தாத இணைப்பான்) போடுங்கள். இதை விட்டால் பாயின்டை மாற்றிய நொடியில் ஷார்ட்தான்.

பீக்கோவின் யூனிஃப்ராக் இரண்டுக்கும் நடுவில் உள்ளது. உலோக முனை சிறியது, சுற்றிலும் தனிமைப்படுத்தப்பட்டிருக்கும், அடியில் ஒரு வயர் தொங்கும். வயரை விட்டுவிட்டால் இன்சுல்ஃப்ராக் மாதிரி. சுவிட்ச் வழியாக இணைத்தால் எலக்ட்ரோஃப்ராக் மாதிரி. இன்று புதிதாகத் தொடங்குகிறவருக்கு யோசிக்காமல் இதையே சொல்வேன். இப்போது தேவையில்லாவிட்டாலும் அந்த வயரைப் பலகையில் ஓட்டை போட்டுக் கீழே இறக்கி வையுங்கள்; ஜல்லி ஒட்டிய பிறகு அதைத் தேடிப் பிடிப்பது கொடுமை.

படி 4: தண்டவாள முறை

பாயின்ட் முடிவானதால் இது சுலபம். கேள்வி ஒன்றுதான்: இந்த லேஅவுட் நிரந்தரமா, எடுத்து வைப்பதா?

வாடகை வீடு, ஹாலில் விரித்து இரவு எடுத்து வைக்க வேண்டும் என்றால் பிளாஸ்டிக் மேடையோடு வரும் முறைகளுக்குப் போங்கள். ஜப்பானின் காட்டோ யூனிட்ராக் இந்த வகையில் எனக்கு மிகவும் பிடித்தது. இணைப்பு இறுக்கம், எத்தனை முறை கழற்றி மாட்டினாலும் மின்தொடர்பு தளராது. எச்ஓ-வில் 490, 550, 610 என்று 60 மி.மீ. ஏற்றத்தில் வளைவுகள் வருவதால் நம் பிளைவுட்டுக்கு 550 வெளிப்பாதை, 490 உள்பாதை என்று அச்சு வார்த்ததுபோல் உட்காரும். ஜெர்மனியின் மார்க்லின் சி-டிராக்கும் உறுதியானதுதான். ஆனால் அது மூன்றாவது மின்பாதையாக நடுவில் புள்ளிகள் கொண்ட முறை; மற்ற நிறுவனங்களின் இரண்டு தண்டவாள டிசி என்ஜின்கள் அதில் ஓடாது. மார்க்லின் உலகத்திலேயே இருக்கப் போகிறவர்களுக்கு மட்டும் அது. அதே மேடையில் நடுப்புள்ளி இல்லாமல் வருவது டிரிக்ஸ் சி-டிராக்.

நிரந்தரப் பலகை என்றால் ஃப்ளெக்ஸ் தண்டவாளம். ஒரு கஜம், அதாவது 914 மி.மீ. நீளத் துண்டுகள். கையால் வளைத்து எந்த ஆரமும் கொண்டுவரலாம். ஜாயின்ட் குறைவு, விலையும் மீட்டர் கணக்கில் குறைவு. வெட்டவும் சால்டர் வைக்கவும் பழக வேண்டும், அவ்வளவுதான்.

அப்புறம் கோட் எண். தண்டவாளத்தின் உயரத்தை அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்காகச் சொல்வது அது. கோட் 100 என்றால் 2.54 மி.மீ., கோட் 83 என்றால் 2.1, கோட் 75 என்றால் 1.9. உயரம் குறையக் குறைய உண்மைக்கு நெருக்கம். ஆனால் பழைய மாடல்களின் சக்கர விளிம்பு ஆழமாக இருந்தால், தாழ்ந்த தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் கொண்டிகளில் தட்டித் தட்டிப் போகும். கையில் இருக்கும் மிகப் பழைய வண்டியை ஒரு துண்டில் உருட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். புது வண்டிகள் மட்டும் என்றால் கோட் 75 அல்லது 83. குழந்தைகளும் கையாளும் லேஅவுட், சுரங்கத்துக்குள் மறைந்து போகும் பாதை என்றால் கோட் 100.

உலோகத்தில் சமரசம் வேண்டாம்: நிக்கல் சில்வர் மட்டுமே. மலிவு செட்களில் வரும் எஃகுத் தண்டவாளம் சென்னை, தூத்துக்குடி, நாகப்பட்டினம் மாதிரி உப்புக்காற்று அடிக்கும் ஊர்களில் சீக்கிரம் துருப்பிடிக்கும். பித்தளையின் மேல் படியும் ஆக்சைடு மின்சாரத்தை மறிக்கும், துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும்.

படி 5: பாயின்ட் மோட்டார்

பீக்கோ பாயின்டில் பிளேடை இரு பக்கமும் இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் உள்ளேயே இருக்கிறது. கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும் பாயின்டுக்கு மோட்டாரே வேண்டாம், விரலால் தள்ளினால் போதும்.

மோட்டார் வேண்டுமென்றால் மூன்று வகை. சாலினாய்டு என்பது இரட்டைச் சுருள். ஒரு நொடி மின்சாரத்தில் டக்கென்று அடித்து மாற்றும். பட்டனை அழுத்திப் பிடித்தால் சுருள் கருகும், அதனால் மின்சாரத்தைச் சேர்த்து வைத்து ஒரே அடியாக விடும் கெபாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட் ஒன்று கட்டாயம். டார்ட்டாய்ஸ் மாதிரி மெதுவாக நகரும் மோட்டார்கள் உண்மையான பாயின்ட் மாறுவதுபோலவே அழகாக நகர்த்தும். ஃப்ராக்குக்குத் துருவம் மாற்றும் சுவிட்சும் உள்ளேயே இருக்கும். விலைதான் அதிகம். மூன்றாவது, ரோபோ பொம்மைகளில் வரும் எஸ்ஜி90 சர்வோ. எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் மலிவாகக் கிடைக்கிறது, ஆர்டுயினோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகை ஒன்றே பல சர்வோக்களை ஓட்டும். ஃப்ராக்குக்கு ஒரு மைக்ரோ சுவிட்ச் சேர்த்துக்கொண்டால் போதும். கொஞ்சம் புரோகிராம் எழுதத் தெரிந்தவர்களுக்கு என் பரிந்துரை இதுதான். சர்வோவோ மெதுவான மோட்டாரோ போட்டால் பாயின்டின் ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் மெதுவாகத் தொடங்கி நடுவில் துள்ளும்.

படி 6: காகிதத்தில் ஒரு முறை கட்டிப் பாருங்கள்

எனிரெயில், ஸ்கார்ம் மாதிரி மென்பொருள்களில் பீக்கோ, காட்டோ, மார்க்லின் துண்டுகள் அளவு மாறாமல் இருக்கின்றன. எக்ஸ்டிராக்கேட் இலவசம். திரையில் வரைந்ததோடு நிறுத்தாதீர்கள். பீக்கோ தன் பாயின்டுகளின் நிஜ அளவு வரைபடங்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது. அச்சடித்து, வெட்டி, பிளைவுட் மேல் வைத்து, மேலே பெட்டிகளை நிறுத்திப் பாருங்கள். அச்சடிக்கும்போது 100 சதவீத அளவு என்று இருக்கிறதா என்பதை ஸ்கேலால் அளந்து உறுதி செய்யுங்கள்.

வாங்கும்போது பாயின்டுகள் அனைத்தையும் ஒரே வரிசையில், ஒரே கோட் எண்ணில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருந்து வரவழைப்பதானால் ஜாயினர், பிளாஸ்டிக் ஜாயினர், கூடுதலாக ஒரு பாயின்ட் எல்லாவற்றையும் அதே பார்சலில் சேர்த்துவிடுங்கள். சின்னப் பொருளுக்காகத் தனியாக அஞ்சல் செலவும் சுங்கமும் கட்டுவது வீண்.

படி 7: பதிப்பது

வந்த பாயின்டை முதலில் தட்டையான கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், முறுக்கி இருக்கக் கூடாது. பிளேடு இரண்டு பக்கமும் பக்கத் தண்டவாளத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்ட வேண்டும். என்எம்ஆர்ஏ (அமெரிக்க மாடல் ரயில்வே சங்கம்) கேஜ் என்ற அளவுத் தகடு ஒன்று வாங்கி வைத்துக்கொண்டால் தண்டவாள அகலம், சக்கர அகலம், ஃப்ராக் இடைவெளி மூன்றையும் அதிலேயே சரிபார்க்கலாம்.

மோட்டாருக்கான ஓட்டையைப் பாயின்ட் வைக்கும் முன்பே போடுங்கள். ஒவ்வொரு ஃப்ளெக்ஸ் துண்டுக்கும் தனி ஃபீடர் வயர் (மின்சாரம் கொடுக்கும் வயர்) சால்டர் வைத்து, அடியில் ஓடும் பொதுவான 1.5 சதுர மி.மீ. பஸ் வயரில் சேருங்கள். ஜாயினரை நம்பி மின்சாரம் அனுப்பாதீர்கள். வெயில் காலத்துக்கும் மார்கழிக்கும் 20 டிகிரி வித்தியாசம் என்றால் ஒரு கஜத் தண்டவாளம் 0.3 மி.மீ. நீளும். விசிட்டிங் கார்டு தடிமனுக்கு ஜாயின்டில் இடைவெளி விட்டால் போதும். ஆனால் ஈரத்தில் பிளைவுட் ஊதுவது அதைவிடப் பெரிய ஆபத்து, ஆகவே பலகையின் அடிப்பக்கம், ஓரம் உட்பட எல்லாப் பக்கமும் வார்னிஷ் அடித்துவிடுங்கள். பாயின்டை ஒட்டிய ஜாயின்டுகளுக்குச் சால்டர் வேண்டாம். என்றாவது கழற்ற வேண்டி வரும். பிளேடை இணைக்கும் குறுக்குப் பட்டைக்கு அடியில் பசை படவே கூடாது.

கடைசியாக, மிக நீளமான பெட்டியை என்ஜினுக்குப் பின்னால் மாட்டி, ஒவ்வொரு பாயின்டிலும் இரண்டு வழியிலும் பின்னோக்கித் தள்ளுங்கள். இழுக்கும்போது மறைந்துகொள்ளும் குறை தள்ளும்போது வெளியே வந்துவிடும். பெட்டி ஏறி இறங்கும் இடத்தைச் சரிசெய்து, மறுபடி தள்ளி, ஒரு முறைகூடத் தடம் புரளாமல் போன பிறகு ஜல்லிக்குப் பசை கலக்குங்கள்.